இடியிலோ அடைமழையிலோ ஆடு மாடு இறந்தால்: செட்டிநாட்டுப் பக்கத்துக்கு ஒரு நிவாரண வழிகாட்டி

செட்டிநாட்டில் ஆடு மாடுகளுக்கு ஆபத்தான பருவம் இரண்டு. சித்திரை, வைகாசியில் கோடை மழையோடு இறங்கும் இடி ஒன்று. ஐப்பசி, கார்த்திகை அடைமழை இன்னொன்று. கடலோர மாவட்டங்களில் ஒரே இரவில் ஊர் மொத்தக் கால்நடையும் போவதுபோல இங்கே நடப்பது அரிது. பொட்டலில் தனியாக நிற்கும் வேப்பமரத்தடியில் ஒதுங்கிய ஏழெட்டு வெள்ளாடுகள் ஒரே இடியில் சாயும். பூட்டிக் கிடக்கும் பெரிய வீட்டின் பின்கட்டுச் சுவர் ஊறிச் சரிந்து, அதன் ஓரம் கட்டியிருந்த கறவை மாடு அடியில் சிக்கும். பேப்பரில் நாலு வரிச் செய்தியாக வரும், அவ்வளவுதான்.

இழப்பு சிறியதாக இருப்பதுதான் இங்கே சிக்கல். பெரிய புயல் என்றால் கணக்கெடுப்புக்கு அரசே ஆள் அனுப்பும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்து புதுக்கோட்டை மாவட்டத்தைப் புரட்டிப்போட்டபோது, வருவாய்த் துறையும் கால்நடைத் துறையும் ஊர் ஊராக வந்தன. ஒற்றை இடிக்கு யாரும் வர மாட்டார்கள். நாம்தான் போய்ச் சொல்ல வேண்டும், நாம்தான் காட்ட வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து திரும்பிப் பரண் போட்டு ஆடு வளர்க்க ஆரம்பித்தவர்கள், ஓய்வுக்குப் பிறகு இரண்டு மாடு வாங்கிக் கட்டியவர்கள், அப்பா காலத்துத் தொழுவத்தைப் புதிதாக ஏற்றுக்கொண்ட பிள்ளைகள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். மந்தை மேய்த்தே பிழைத்த பழைய கீதாரிகளுக்கு இதில் பாதி தெரிந்திருக்கும்.

எடுத்தவுடனே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பணம் வருமா வராதா என்பது பெரும்பாலும் முதல் நாளிலேயே முடிவாகிவிடும். ஆதார் நகல், பாஸ்புக் நகல், ரேஷன் அட்டை எல்லாவற்றையும் ஒரு மாதம் கழித்தும் கொடுக்கலாம். எதனால் இறந்தது என்று கால்நடை மருத்துவரும் கிராம நிர்வாக அலுவலரும் (வி.ஏ.ஓ.) கண்ணால் பார்த்து எழுதும் இரண்டு தாள்களைப் பிறகு உண்டாக்க முடியாது.

எதற்குக் கிடைக்கும், எதற்குக் கிடைக்காது

பணம் வருவது மாநில பேரிடர் நிவாரண நிதியிலிருந்து. நம் மாநிலத்தைப் பொறுத்தவரை அந்த நிதியில் முக்கால் பங்கு மத்திய அரசுடையது, கால் பங்கு மாநில அரசுடையது. அதனால் எதைப் பேரிடராக எடுத்துக்கொள்வது என்பதற்கு ஒரு பட்டியல் உண்டு. புயல், வெள்ளம், வறட்சி, தீ, நிலநடுக்கம், சுனாமி, ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு போன்றவை மத்திய அரசின் பட்டியலில் இருக்கின்றன. 2025-26 வரையிலான காலத்தில் இடி மின்னல் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் நிதியில் பத்து சதவீதம் வரை மாநிலமே அறிவிக்கும் பேரிடர்களுக்குச் செலவிட அனுமதி உண்டு, தமிழ்நாட்டில் இடி தாக்கி இறந்த கால்நடைகளுக்கும் நிவாரணம் தருகிறார்கள். செட்டிநாட்டுக்காரருக்கு முக்கியமானது இதுதான்.

கிடைக்காதவற்றில் முதல் இடம் நோய்க்கு. மழை விட்ட பத்து நாளில் ஆடு செத்தால் மழையால் செத்தது என்றுதான் நாம் சொல்வோம். மருத்துவர் வயிற்றைத் திறந்து பார்த்துத் துள்ளுமாரி என்று எழுதுவார். முதல் மழைக்குத் துளிர்த்த இளம்புல்லை வயிறு முட்ட மேய்ந்த ஆட்டுக்கு வருகிற நோய் அது. செம்மறிக்கு மழைக்காலத்தில் நீலநாக்கு வரும். ஆட்டுக்கொல்லி வரும், சளிக்காய்ச்சலும் வரும். இவற்றுக்குத் தடுப்பூசியும் சிகிச்சையும்தான் வழி, பேரிடர் நிதியில் இடமில்லை. மருத்துவரிடம் மல்லுக்கட்டிப் பயனில்லை. அவர் கண்டதைத்தான் எழுத முடியும்.

மின்கம்பி அறுந்து விழுந்து மாடு இறந்தால் அது மின்வாரியத்தின் பக்கம். உடனே மின்வாரிய அலுவலகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் சொல்ல வேண்டும். காற்று மழையில்தான் கம்பி அறுந்தது என்றாலும் இரண்டையும் ஒரே மனுவில் குழப்பாதீர்கள். லாரி மோதினால் மோட்டார் விபத்து வழக்கு. தெருநாய் கடித்து இறக்கும் ஆடு, மாடு, கோழிகளுக்கு 2025-ல் தமிழக அரசு தனியாக இழப்பீடு அறிவித்தது, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பறவைக் காய்ச்சலில் கோழி இறந்தாலும் தனித் திட்டம்தான்.

வறட்சி கொஞ்சம் குழப்பமான விஷயம். 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்தது. அந்த மாதிரி ஆண்டுகளில் உதவி பெரும்பாலும் தீவனமாகத்தான் வரும். மெலிந்து மெலிந்து ஒரு நாள் விழுந்து செத்த மாட்டுக்கு வறட்சியைக் காரணமாக எழுத வைப்பது லேசு இல்லை. நம் மண்ணுக்கு வறட்சி புதிதில்லை என்பதால் இதைச் சொல்கிறேன். செத்த பிறகு அலைவதைவிட, அறிவிப்பு வந்ததுமே கால்நடை மருந்தகத்தில் போய்த் தீவனத்துக்கு என்ன வழி என்று கேட்பது மேல்.

தொகை எவ்வளவு

2022-23 முதல் 2025-26 வரையிலான காலத்துக்கு மத்திய அரசு வகுத்த தொகைகள் இவை:

கறவைப் பசு, எருமை ஒன்றுக்கு 37,500 ரூபாய்.
வெள்ளாடு, செம்மறி, பன்றி ஒன்றுக்கு 4,000 ரூபாய்.
உழவு மாடு, வண்டி மாடு ஒன்றுக்கு 32,000 ரூபாய்.
கன்று, கிடாரி, கழுதை ஒன்றுக்கு 20,000 ரூபாய்.
கோழி ஒன்றுக்கு 100 ரூபாய்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கும் 2024-ல் ஃபெஞ்சல் புயலுக்கும் தமிழக அரசு அறிவித்ததும் மாட்டுக்கு 37,500, ஆட்டுக்கு 4,000 என்பதுதான். அதற்கு முந்தைய காலத்தில் மாட்டுக்கு 30,000, ஆட்டுக்கு 3,000 என்று இருந்தது. நிதிக்குழுவின் காலம் மாறும்போது இந்தத் தொகைகளையும் மாற்றுவார்கள். ஆகவே மனுவில் நீங்களாக ஒரு தொகையை எழுதாதீர்கள். ‘அரசு விதிகளின்படி உரிய நிவாரணம்’ என்று எழுதினால் போதும்.

உச்சவரம்பைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு குடும்பத்துக்குப் பெரிய கறவை என்றால் 3, ஆடு போன்ற சிறியவை என்றால் 30, பெரிய உழவு மாடு 3, கன்று போன்றவை 6. அதற்கு மேல் எத்தனை இறந்தாலும் கணக்கில் வராது. கோழிக்கு மொத்தமே ஒரு குடும்பத்துக்கு 10,000 ரூபாய்தான். நாற்பது ஆடு இறந்தால் முப்பதுக்கு மட்டும், அதாவது 1,20,000 ரூபாய். ஐந்நூறு கோழிகள் உள்ள கொட்டகை வெள்ளத்தில் போனாலும் நூறு கோழிக்குத்தான் கணக்கு. வீட்டுத் தேவைக்கும் சிறு வருமானத்துக்கும் வளர்ப்பவரை மனதில் வைத்துப் போட்ட வரம்பு இது. பண்ணையாக நடத்துபவர் இதை நம்பி இருக்கக் கூடாது, அவருக்குக் காப்பீடுதான் கைகொடுக்கும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

சந்தை விலையும் இதில் நுழையாது. சிராவயல் மஞ்சுவிரட்டில் பேர் வாங்கிய புலிக்குளம் காளைக்கு லட்சங்களில் விலை பேசியிருப்பார்கள். நிவாரணப் பட்டியலில் அப்படி ஒரு காளைக்குத் தனி வரி கிடையாது. பிறந்து இரண்டு வாரமான ஆட்டுக்குட்டிக்கும் தனி வரி கிடையாது. பொருளாதாரப் பயன் தரும் கால்நடைகளுக்கு என்றுதான் விதி சொல்கிறது, குட்டிகளைச் சேர்ப்பதும் விடுவதும் கள அறிக்கையைப் பொறுத்தது.

கொட்டகைக்கும் ஒரு தொகை உண்டு. வீட்டோடு ஒட்டிய மாட்டுக்கொட்டகை விழுந்தால் 3,000 ரூபாய். தோட்டத்தில் தனியாகப் போட்ட பரணுக்கு இது பொருந்தாது. லட்சக்கணக்கில் போட்டுப் பரண் கட்டியவருக்குக் கசப்பாகத்தான் இருக்கும், விதி அப்படி.

முதல் நாள்

இடியோ சுவரோ, அடங்கியதும் முதலில் உயிரோடு இருப்பவற்றைக் கவனியுங்கள். காயம்பட்ட ஆடு மாடு இருந்தால் 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும். கம்பி அறுந்து கிடக்கிறதா, சுவரின் மீதிப் பாதி சாயப் பார்க்கிறதா என்று பாராமல் கிட்டே போக வேண்டாம்.

இறந்தவற்றை அசைக்காதீர்கள். பார்க்கச் சகிக்காமல் ஓரமாக இழுத்துப் போடத் தோன்றும். ஆனால் மருத்துவரும் வி.ஏ.ஓ.வும் பார்க்க வேண்டியது அவை கிடக்கும் நிலையைத்தான். இடியில் இறந்த ஆடு பெரும்பாலும் மரத்தடியிலோ கம்பி வேலி ஓரத்திலோ, நின்ற இடத்திலேயே விழுந்து கிடக்கும். சில சமயம் மென்றுகொண்டிருந்த தழை வாயிலேயே இருக்கும். உடலில் கருகல் கோடு தெரியலாம், தெரியாமலும் போகலாம். மரத்தில் பட்டை பிளந்திருக்கலாம். இவை எல்லாம் சேர்ந்துதான் ‘இடி’ என்ற முடிவைத் தாங்குகின்றன. ஆடுகளைக் கொண்டுவந்து வீட்டு வாசலில் வரிசையாகப் படுக்கவைத்துவிட்டால் பாதிச் சாட்சி போய்விடும்.

போனை எடுத்துப் படம் பிடியுங்கள். தூரத்திலிருந்து இடம் முழுவதும் தெரிய ஒன்று, மரமோ சுவரோ தெரிய ஒன்று, ஒவ்வொரு உடலும் தனித்தனியாக, காதில் மாட்டிய அடையாளக் கம்மல் இருந்தால் அதன் எண் தெரியக் கிட்டத்தில் ஒன்று. நீங்களும் ஒரு படத்தில் நில்லுங்கள். தேதியும் இடமும் படத்திலேயே பதியும் கேமரா செயலி இருந்தால் நல்லது. பிறகு அந்தப் படங்களை வி.ஏ.ஓ.வுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுப் போன் செய்யுங்கள்.

“சார், நான் கீழத்தெருவுல இருந்து பேசுறேன். சாயங்காலம் அடிச்ச இடியில நம்ம ஊருணிக்கரை மரத்தடியில ஆறு வெள்ளாடு செத்துப்போச்சு. படம் அனுப்பியிருக்கேன். டாக்டருக்கும் சொல்லிட்டேன். நீங்க எப்ப சார் வருவீங்க?”

இவ்வளவு போதும். அவர் அன்றே வந்தாலும் மறுநாள் வந்தாலும், நீங்கள் சொன்ன நேரம் அந்தச் செய்தியில் பதிவாகி நிற்கும். வி.ஏ.ஓ. போன் எடுக்கவில்லை என்றால் கிராம உதவியாளர், அப்புறம் வருவாய் ஆய்வாளர். இரவு நேரமோ விடுமுறை நாளோ என்றால் மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077-ல் சொல்லிப் புகாரைப் பதியுங்கள். மாநிலக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1070.

அடுத்தது கால்நடை மருத்துவர். உங்கள் கிராமம் எந்த மருந்தகத்தின் கீழ் வருகிறது என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். அவர் வந்து பிரேதப் பரிசோதனை செய்து காரணத்தை எழுதிச் சான்று தருவார். பத்து ஆடு இறந்திருந்தால் பத்துமே சான்றில் இருக்க வேண்டும். எண்ணிக்கை, இனம், ஆணா பெண்ணா, ஏறத்தாழ வயது, கம்மல் எண், உரிமையாளர் பெயர் எல்லாவற்றையும் அவர் எழுதி முடித்ததும் ஒருமுறை வாங்கிப் படியுங்கள். ஆதாரில் உள்ள பெயரும் சான்றில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கட்டும். ஊரில் கூப்பிடும் பெயரைச் சொல்லிவிட்டால் பிறகு அதற்கு ஒரு அலைச்சல்.

கறிக்கடைக்காரர்கள் பற்றி. இடி விழுந்த செய்தி மருத்துவருக்கு எட்டும் முன் அவர்களுக்கு எட்டிவிடும். பாதி விலைக்குக் கேட்பார்கள். கையில் உடனே காசு என்பதால் மனம் தடுமாறும். அறுத்துவிட்டால் பரிசோதனை இல்லை, பரிசோதனை இல்லாமல் நிவாரணம் இல்லை. எப்படிச் செத்தது என்று தெரியாத ஆட்டின் கறியை ஊருக்குத் தின்னக் கொடுப்பதும் நல்லதில்லை.

இன்னொரு எச்சரிக்கை. திடீரென்று செத்த மாட்டின் மூக்கு, வாய், ஆசனவாயில் உறையாத கருரத்தம் வழிந்தால் அது அடைப்பானாக இருக்கலாம். மனிதருக்கும் தொற்றும் நோய் அது. அறுக்கவோ தோலுரிக்கவோ கூடாது, மருத்துவர் வரும் வரை யாரையும் தொடவிடாதீர்கள். அந்தச் சந்தேகம் இருந்தால் மருத்துவரும் உடலைத் திறக்க மாட்டார்.

சுவர் சரிந்து இறந்த இழப்புக்குத் தனியாகக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இங்கே அது அதிகம். சுவர் தானாக விழுந்ததா, மழையால் விழுந்ததா என்ற கேள்வி வரும். நூறு வருஷத்துச் சுவர் என்றால் கட்டாயம் வரும். அன்றும் முந்தின நாட்களிலும் பெய்த மழையளவு வருவாய்த் துறையின் பதிவில் இருக்கும், வி.ஏ.ஓ. தன் அறிக்கையில் அதைக் குறிப்பிட்டால் கேள்வி எழாது. சுவர் அடுத்தவருடையதாக, அதிலும் சென்னையிலோ மலேசியாவிலோ இருக்கும் வீட்டுக்காரருடையதாக இருந்தால், அவரோடு பேச வேண்டியதைத் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள். நிவாரண மனுவில் அந்தச் சண்டையை எழுதினால் கோப்பு வேறு திசையில் போய்விடும்.

கண்மாய் உடைந்து ஆடு அடித்துப் போனால் உடலே கிடைக்காமல் போகலாம். பரிசோதனைச் சான்று இல்லாத நிலையில் வி.ஏ.ஓ.வின் விசாரணையும் அக்கம்பக்கத்தாரின் வாக்குமூலமும்தான் மிச்சம். கீழ்ப்பக்க ஊர்களில் தேடி, ஒரு உடல் கிடைத்தாலும் அதைப் படம் எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். கம்மல் எண் பதிவு அந்த நேரத்தில் மிகவும் உதவும்.

பரிசோதனை முடிந்ததும் புதைக்க வேண்டும். ஆறடி ஆழம், மேலே சுண்ணாம்பு. நம் பக்கம் செம்புறாங்கல் பூமி, மண்வெட்டியால் ஆகாது, ஜேசிபிக்குச் சொல்ல வேண்டியிருக்கும். ஊருணிக்கும் கிணற்றுக்கும் தள்ளியே குழி இருக்கட்டும். குடிக்க ஊருணித் தண்ணீர் எடுக்கும் ஊர்களில் இதில் கவனக்குறைவு கூடாது. புதைப்பதையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

யார் பெயரில் மனு

இரண்டு இடங்களில் தகராறு வரும். ஒன்று வாரத்துக்கு, அதாவது பங்குக்கு, விட்ட ஆடு. காரைக்குடியில் இருப்பவர் வாங்கிக் கொடுத்திருப்பார், கிராமத்தில் ஒரு அம்மா மேய்த்துக் குட்டியில் பங்கு எடுத்துக்கொள்வார். இறந்த ஆட்டின் நிவாரணம் யாருக்கு? அரசுக்கு ஒரு பெயர்தான் வேண்டும். மருத்துவர் வருவதற்கு முன்பே இருவரும் பேசி முடித்துவிடுங்கள். மேய்த்தவர் பெயரில் போட்டு, உள்ளுக்குள் பிரித்துக்கொள்வதுதான் என் கணிப்பில் சுலபம். ஊரில் இருப்பவர், வி.ஏ.ஓ.வுக்குத் தெரிந்தவர், விசாரணைக்குக் கூப்பிட்டால் நிற்பவர் அவர்தான்.

இன்னொன்று கிடை, அதாவது மந்தையை இரவில் வயலில் அடைத்து வைப்பது. வெளியூரிலிருந்து வந்து வயலில் கிடை போட்டிருக்கும்போது இடி விழுந்தால், இறந்த இடத்து வி.ஏ.ஓ.விடம்தான் சொல்ல வேண்டும். சொந்த ஊருக்கு ஓட்டிப் போன பிறகு அங்கே சொன்னால் ‘என் எல்லையில் நடக்கவில்லையே’ என்பார், அதில் அவர் தவறும் இல்லை. கிடை போடச் சொன்ன வயல்காரரைச் சாட்சியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நிலம் இல்லாதவர்கள் தயங்க வேண்டாம். இது கால்நடைக்கான உதவி, பட்டா கேட்க இதில் வேலையில்லை.

மனு

வெள்ளைத் தாளில், சொந்தக் கையெழுத்தில் போதும். இந்த அளவுக்குள் முடித்துவிடலாம்:

பெறுநர்: வட்டாட்சியர் அவர்கள், (வட்டத்தின் பெயர்).
வழி: கிராம நிர்வாக அலுவலர், (கிராமம்).
பொருள்: இடி தாக்கி வெள்ளாடுகள் இறந்தது, நிவாரணம் வழங்கக் கோருதல் தொடர்பாக.

ஐயா,
நான் மேற்கண்ட கிராமத்தில் வசித்து, ஆடு வளர்த்துப் பிழைத்து வருகிறேன். (தேதி) அன்று மாலை சுமார் (நேரம்) மணிக்கு இடியுடன் மழை பெய்தபோது, (இடம், புல எண் தெரிந்தால்) பகுதியில் மேய்ந்துகொண்டிருந்த எனக்குச் சொந்தமான (எண்ணிக்கை) வெள்ளாடுகள் இடி தாக்கி அந்த இடத்திலேயே இறந்துவிட்டன. அன்றே கிராம நிர்வாக அலுவலருக்குத் தகவல் தெரிவித்தேன். (ஊர்) கால்நடை உதவி மருத்துவர் பரிசோதித்து வழங்கிய சான்றை இணைத்துள்ளேன். அரசு விதிகளின்படி உரிய நிவாரணம் வழங்கிட வேண்டுகிறேன்.

கீழே கையெழுத்து, கைபேசி எண். இணைப்பு: மருத்துவர் சான்று, படங்கள், ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம். உச்சவரம்பு குடும்பக் கணக்கில் வருவதால் குடும்ப அட்டை நகல் முக்கியம். சில இடங்களில் காவல் நிலைய ரசீதும் கேட்பார்கள், கேட்டால் வாங்கிக் கொடுங்கள்.

மனுவை இரண்டு படி எடுங்கள். ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் போட்டு வாங்கிக்கொள்ளாமல் திரும்பாதீர்கள். ‘வச்சுட்டுப் போங்க, பாத்துக்கலாம்’ என்பார்கள். பணிவாக, சிரித்துக்கொண்டே, “ஒரு சீல் மட்டும் போட்டுக் கொடுங்க சார், வீட்ல கேட்பாங்க” என்று நின்றால் போட்டுவிடுவார்கள்.

எந்த அலுவலகம்

செட்டிநாடு என்று நாம் ஒரே வாயாகச் சொல்கிறோமே தவிர, அரசுக் கணக்கில் அது இரண்டு மாவட்டம். காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் வட்டங்கள் சிவகங்கையில். ராயவரம், கோனாபட்டு போன்ற ஊர்கள் திருமயம் வட்டம், புதுக்கோட்டை மாவட்டம். பொன்னமராவதியும் புதுக்கோட்டைதான். எல்லையோர ஊர்க்காரர்கள் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் காரைக்குடி போவது வழக்கம், மனுவையும் அங்கே கொடுத்தால் வாங்க மாட்டார்கள். இறந்த இடம் எந்த வருவாய்க் கிராமம் என்று பாருங்கள், அதுதான் கணக்கு.

கோப்பு போகும் பாதை எளிது. வி.ஏ.ஓ. இடத்தைப் பார்த்து அறிக்கை, வருவாய் ஆய்வாளரின் ஒப்பம், வட்டாட்சியரின் பரிந்துரை. அங்கிருந்து கோட்டாட்சியர், மாவட்ட ஆட்சியர் அலுவலகம். காரைக்குடி, தேவகோட்டை வட்டங்களுக்குக் கோட்டாட்சியர் அலுவலகம் தேவகோட்டையில். செட்டிநாட்டில் பெரிய அரசுக் கால்நடைப் பண்ணை இருப்பதால் சிலர் மனுவோடு அங்கே போய் நிற்கிறார்கள். அது கால்நடை வளர்க்கும் பண்ணை, நிவாரணத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இதில் தரகருக்கு வேலையே இல்லை. ‘நான் முடிச்சுத் தர்றேன் அண்ணே, ஆளுக்கு இவ்வளவு’ என்று வருபவரிடம் சான்றின் அசலைக் கொடுத்துவிடாதீர்கள்.

பணம் வரும் வழி

பெரும்பாலும் வங்கிக் கணக்கில் நேராக வரும். சில நேரம் ஆட்சியர் அலுவலகத்திலோ நிகழ்ச்சியிலோ வைத்து ஆணையைக் கையில் தருவார்கள். கணக்கு மனுதாரர் பெயரில், ஆதாரோடு இணைந்து, உயிரோடு இருக்க வேண்டும். இரண்டு ஆண்டு எந்த வரவு செலவும் இல்லாத கணக்கை வங்கி செயலற்றதாக ஒதுக்கிவைக்கும். நூறு ரூபாய் போட்டு எடுத்து, கே.ஒய்.சி. கேட்டால் கொடுத்துச் சரிசெய்துகொள்ளுங்கள். வங்கிகள் இணைந்ததில் பழைய பாஸ்புக்கின் ஐ.எஃப்.எஸ்.சி. எண் மாறியிருந்தால் புதிதாக அச்சடித்து அதன் நகலைக் கொடுங்கள்.

தாமதமானால்

ஒரு மாதம் பார்த்துவிட்டு வட்டாட்சியர் அலுவலகத்தில் உங்கள் கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் ஏதோ ஒரு நகல் குறையும், அல்லது பெயர் பொருந்தாது. அதைச் சரிசெய்தால் நகரும். நகராவிட்டால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் நாளில் மனு கொடுக்கலாம், பதிவு எண் தருவார்கள். மாதம் ஒருமுறை நடக்கும் விவசாயிகள் குறைதீர்க் கூட்டத்தில் எழுந்து கேட்பதற்குப் பலன் கூடுதல், சம்பந்தப்பட்ட அதிகாரிகள் அதே அறையில் இருப்பார்கள். முதலமைச்சரின் உதவி மையத்துக்கு 1100.

எதற்கும் அசையாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம். பத்து ரூபாய்க் கட்டணத்தோடு, ‘இன்ன தேதியில் கொடுத்த மனுவின் மீது எடுத்த நடவடிக்கை என்ன, வி.ஏ.ஓ. அறிக்கையின் நகல் வேண்டும்’ என்று இரண்டே கேள்வி. முப்பது நாளில் பதில் தர வேண்டும். ஏன் இன்னும் தரவில்லை என்று கேட்காதீர்கள், அதற்கு மழுப்பலாகத்தான் பதில் வரும். ஆவணத்தின் நகல் கேளுங்கள். நிராகரித்திருந்தால் காரணமும் அந்த நகலில் வெளியே வரும். ‘நோய்’ என்று இருந்தால் மருத்துவர் சான்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சான்றில் இடி என்று தெளிவாக இருந்தும் மறுத்திருந்தால் கோட்டாட்சியரிடம் முறையிட உங்களிடம் பலமான தாள் இருக்கிறது.

இப்போதே செய்ய வேண்டியவை

காதில் பன்னிரண்டு இலக்க மஞ்சள் கம்மல் இல்லாத மாட்டுக்கு இந்த வாரமே போடுங்கள். கோமாரித் தடுப்பூசி முகாமுக்கு ஓட்டிப் போனால் அங்கேயே போட்டுப் பதிந்துவிடுவார்கள். அந்த எண்ணின் கீழ் உங்கள் பெயர் சரியாக ஏறியிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். மாடு வாங்கும்போது பழைய உரிமையாளரின் பெயரே பதிவில் தங்கிவிடும், மாற்றிவிட வேண்டும். ஆடுகளை மாதம் ஒருமுறை மொத்தமாகப் போனில் படம் பிடித்து வைத்தால், எத்தனை இருந்தன என்ற கேள்விக்கு அதுவே பதில். பால் சங்கப் பாஸ்புக், மருந்தகச் சீட்டு, அரசுத் திட்டத்தில் ஆடு வாங்கிய தாள் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும்.

காப்பீடு. தேசிய கால்நடை இயக்கத்தின் கீழ் பிரீமியத்தில் பெரும்பகுதியை மத்திய, மாநில அரசுகளே ஏற்கின்றன. 2024 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை எடுத்த முடிவின்படி விவசாயியின் பங்கு 15 சதவீதம்தான். நோயில் இறந்தாலும் காப்பீட்டில் கிடைக்கும் என்பதே அதன் பெரிய பலம், பேரிடர் நிதி கைவிடும் இடம் அதுதானே. மாட்டின் மதிப்பும் நிவாரணப் பட்டியலைப்போல ஒரே தொகையாக இல்லாமல் காப்பீடு செய்யும் நாளில் மருத்துவர் மதிப்பிட்டபடி இருக்கும். ஒதுக்கீடு ஆண்டுதோறும் குறிப்பிட்ட எண்ணிக்கைக்குத்தான் வரும் என்பதால் மருந்தகத்தில் பெயரை முன்கூட்டியே கொடுத்து வையுங்கள். இறப்பு நடந்தால் காப்பீட்டு நிறுவனத்துக்கும் அன்றே சொல்ல வேண்டும். கம்மல் காதிலேயே இருக்கட்டும், கம்மல் விழுந்துவிட்டால் அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லிப் புதியது போட்டுக் காப்பீட்டுத் தாளிலும் எண்ணை மாற்றுங்கள்.